காலி வண்டிக்குப் பிடித்த நூல்

எங்கள் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். என்ன எழுதுவது என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல எப்படி வீல் அலைன்மென்ட் பண்ணீங்க?" என்றான் ஒருவன். நெருப்பு இல்லாத காலத்தில் எப்படிச் சோறு தின்றீர்கள் என்று கேட்பது போல இருந்தது அவன் தோரணை. அதற்காகவே எழுதுகிறேன்.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என் எழுத்து கோணலாக இருக்கும். நான் பார்த்து அனுப்பிய வண்டி எதுவும் கோணலாகப் போனதில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் காஞ்சிபுரத்தில் வண்டி வைத்திருந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். உயிரோடு இருக்கிறவர்கள் சொல்வார்கள்.

மாகறலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் தம்பிகள் அதிகம் இருந்ததால் அந்தக் கொஞ்சமும் எனக்கு வரப்போவதில்லை என்று சின்ன வயசிலேயே தெரிந்துவிட்டது. ரயில்வே கேட் பக்கம் மஸ்தான் பாய் ஷெட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன். மண்ணெண்ணெயில் சாமான் கழுவியது, ஸ்பேனரின் அளவைத் தொட்டே சொல்லப் பழகியது, அடி வாங்கியது எல்லாம் எல்லாருக்கும் உள்ள கதைதான். அதைத் தாண்டிப் போகலாம்.

நான் தனி ஆளாகப் பேர் எடுத்தது ஒரு பஸ்ஸில். உத்திரமேரூர் பக்கம் போய் வருகிற தனியார் பஸ். வலது பக்கம் இழுக்கிறது என்று, சக்கரம் நேராக நிற்கிறதா என மூன்று ஷெட்டில் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்கள். மற்றவர்கள் நூலைத் தேடிக்கொண்டிருக்க, நான் போய் வலது முன் சக்கரத்து டிரம்மில் கை வைத்தேன். தோசைக்கல் போலச் சுட்டது. இடது பக்கம் சும்மா வெதுவெதுப்பு. பிரேக் கட்டை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. அதை விடுவித்ததும் பஸ் கோயில் யானை மாதிரி நேராக நடந்து போனது. அன்றைக்கு மஸ்தான் பாய் என்னைப் பார்த்து, "கோய்ந்தா, உனக்குக் கையில மூளை இருக்குதுடா. தலையில இல்லேன்னா பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

பாயைப் பற்றிச் சொல்லாமல் அலைன்மென்ட் பற்றிச் சொல்ல முடியாது. ஆள் ஒல்லி. வெள்ளைப் பைஜாமாவில்தான் வேலை செய்வார். அதில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. எங்கள் மேல்தான் எல்லா எண்ணெயும் இருக்கும். வண்டி வந்ததும் சொந்தக்காரர் வாயைத் திறந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "முதல்ல டயர் பேசட்டும். அப்புறம் நீங்க பேசுங்க."

குந்தி உட்கார்ந்து டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவு, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு. சக்கரம் நேராக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். முன்பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு ஓடிய சக்கரமானால், வெளியிலிருந்து உள்ளே தடவும்போது அரம் மாதிரிக் கீறும். உள்ளே பார்த்து ஓடியதென்றால் மறு பக்கம் கீறும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

அப்புறம் காற்று. நான்கிலும் சரியான காற்று இல்லாமல் நூலைத் தொட்டால் கைமேல் அடி. பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவது. சக்கரம் திரும்புகிற அச்சாணி, அதாவது கிங் பின், தேய்ந்திருந்தால் அதிலேயே ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற டை ராடின் யோக்கியதை தெரியும். ஆட்டம் உள்ள வண்டிக்கு நூல் பிடிப்பது குடிகாரனுக்குச் சட்டை அளவு எடுப்பது போல என்பார். இறக்கிவிட்டு வண்டியை முன்னாலே தள்ளி, பிரேக் போடாமல் தானாக நிற்க விட வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது என்று பின்னாலே இழுக்கக் கூடாது. இழுத்தால் முன்னே ஓடும்போது நிற்கிற நிலையில் சக்கரம் நிற்காது. மறுபடி சுற்றிக்கொண்டு வந்து தள்ள வேண்டியதுதான்.

அப்புறம்தான் நூல். பட்டு நூலா என்று வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள், காஞ்சிபுரத்தில் காப்பிக்கும் பட்டு நூல்தான் போடுவோம் என்ற நினைப்பில். பட்டு இழுபடும். நாங்கள் பிடித்தது கொத்தனார் நூல். வண்டியின் இரண்டு பக்கமும் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் தாண்டி விறைப்பாகக் கட்டி, இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று எங்கும் நெருங்காமல் விலகாமல் நிற்கும்படி செய்து, சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது. வேலை முடிந்ததும் பாய் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவார். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. "ஆள் இருந்தா பேசுவான். பேசினா என் காது மூடிக்கும்" என்பார்.

இது எங்கள் முறை. இந்த முறை ஒரு வண்டியிடம் மாட்டிக்கொண்டது.

பட்டுக்கடை தணிகாசல முதலாளியிடம் கூரை இல்லாத ஒரு திறந்த கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் சென்னையில் வாங்கியது. வாங்கும்போதே அது பழசு. இரண்டே பேர் உட்காரலாம். சைக்கிள் மாதிரிக் கம்பிச் சக்கரம். தரையோடு தரையாகக் கிடக்கும். தெருவில் போனால் பசு மாடுகூட திரும்பிப் பார்க்கும். முதலாளி விவரமானவர். சென்னையில் பெரிய வீடுகளுக்குக் கல்யாணப் புடவை அந்த வண்டியில் போய் இறங்கினால், பேரம் பேசும் முன்பே பாதி வியாபாரம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வாங்கினார்.

அதை ஓட்டியவன் ஏகாம்பரம். என் சிநேகிதன். முன்னாலே லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். தோள் அகலம், வாய் அதைவிட அகலம். அந்த வண்டிக்குள் அவன் ஏறி உட்காருவதைப் பார்த்தால், தீப்பெட்டிக்குள் பூசணிக்காயை வைத்தது போல இருக்கும்.

முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு, காற்று வாங்கத் திருமுக்கூடல் வரைக்கும் தனியாகப் போய் வருவார். மற்ற நாளில் ஏகாம்பரம் சரக்கு எடுத்துக்கொண்டு சென்னை போவான். இதில்தான் வம்பு. முதலாளி ஓட்டினால் வண்டி நேராகப் போகிறது. ஏகாம்பரம் ஓட்டினால் இடது பக்கம் இழுக்கிறது. அவன் சொல்வது மட்டுமென்றால் பொய் என்று விட்டுவிடலாம். இடது முன் டயர் உட்பக்கம் வழுக்கையாகிக்கொண்டே வந்தது. அந்த அளவு டயர் நம் ஊரில் அப்போது கிடைக்காது. சென்னையில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

வண்டி எங்கள் ஷெட்டுக்கு வந்தது. டயரைத் தடவினோம், கீறியது. நூல் பிடித்தோம், நேராக இருந்தது. பாய் ஓட்டிப் பார்த்தார், கத்தி மாதிரிப் போனது. "வண்டியில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் மறுபடி வந்தது. மறுபடி அதே பதில்.

மூன்றாவது முறை வண்டியைக் கொண்டுவந்து விட்ட ஏகாம்பரத்தின் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"பாய், வண்டி சரியா இருக்குதுன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தபாவும் என் கழுத்துல கயிறு இறுகிக்கினே போகுது" என்றான்.

"இன்னாடா ஆச்சு?"

"லாரி ஓட்டின கை, ராட்டினம் சுத்துற மாதிரி ஸ்டியரிங்கைச் சுத்துறேன், என் கை சரியில்லன்னு முதலாளி கடையில உட்கார்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு. ஆவணி முகூர்த்தத்துக்கு சென்னையிலேர்ந்து வேற டிரைவர் வர்றானாம். இவர் விட்டா என்னை எவன் வச்சுப்பான்? லாரிக்காரங்ககூட சிரிக்கிறாங்க. நான் பஸ்ல கிளீனராத்தான் போவணும்."

"பொய் சொல்லச் சொல்றியா?" என்றார் பாய்.

"அல்லா மேல ஆணையா வேணாம் பாய். நிஜத்தைக் கண்டுபிடிங்க."

அவன் போனதும் பாய் டயரை மறுபடி இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கோய்ந்தா, டயர் பொய் சொல்லாது. நம்ம நூலும் பொய் சொல்லாது. ரெண்டும் எதிரும் புதிருமா பேசுதுன்னா, நடுவுல ஏதோ ஒரு சமாச்சாரம் நம்ம ஷெட்டுக்கே வராம எங்கியோ உட்கார்ந்து இருக்குது. போய் அதைக் கூட்டிக்கினு வா."

எங்கே போய்க் கூட்டி வருவது? நான் யோசித்தேன். ஏகாம்பரத்தோடு சென்னை வரைக்கும் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடை வாசலில் போய் நின்றேன்.

"இன்னாபா, பொண்ணு பார்க்கப் போறியா?" என்றான் ஏகாம்பரம்.

"உன்கூட சென்னை வரேன். வண்டி எப்படி இழுக்குதுன்னு பார்க்கணும்."

"வா வா. எங்க உட்காருவ? பானெட் மேலயா?"

அப்போதுதான் இடது பக்கம் பார்த்தேன். சீட்டில் வெள்ளை வேட்டியில் கட்டிய பட்டு மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குந்தியிருந்தன. கால் வைக்கும் இடத்திலும் மூட்டை. சீட்டுக்குப் பின்னாலும், அதுவும் இடது ஓரமாகவே, மூட்டை. ஏகாம்பரத்தின் முதுகு அகலத்துக்கு அவன் சீட்டைக் கடைசி வரை தள்ளியிருந்ததால் அவன் பின்னால் எதுவும் வைக்க முடியாது. ஜரிகைப் புடவையின் கனம் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அந்தச் சீட்டில் இரண்டு ஆள் கனம் இருந்தது.

நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தி வண்டியை முன்னாலிருந்து பார்த்தேன். இடது தோள் இறங்கிய கிழவன் மாதிரி நின்றது.

"ஏகாம்பரம், ஷெட்டுக்கு வர்றப்போ இந்த மூட்டை எல்லாம் எங்க?"

"கடையில இறக்கிட்டுத்தான் வருவேன். கிரீசு, ஆயிலு இருக்கிற இடத்துக்குப் பட்டு வரலாமா? சாமி கிட்ட வச்சு ஓரத்துல குங்குமம் தொட்ட புடவைபா இது. முதலாளி கொன்னுடுவாரு."

ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. பட்டு இருக்கும் இடத்துக்கு எண்ணெய்க் கை போகாது. எண்ணெய் இருக்கும் இடத்துக்குப் பட்டு வராது. அதனால் எங்கள் ஷெட்டுக்கு அந்த வண்டி ஒவ்வொரு தடவையும் காலியாகவே வந்தது. முதலாளி ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியை ஓட்டினார். பாயும் காலி வண்டியை ஓட்டினார். சுமை வண்டியை ஓட்டியவன் ஊரிலேயே ஏகாம்பரம் ஒருத்தன்தான்.

ஷெட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பாய் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு பைஜாமாவில் தெறித்தது. அந்தப் பைஜாமாவில் நான் பார்த்த ஒரே கறை அதுதான். "அடேய், நம்மகிட்ட வராத சமாச்சாரம் வெள்ளை வேட்டி கட்டிக்கினு மாப்பிள்ளை மாதிரி சீட்டுல உட்கார்ந்து இருந்துச்சா!"

முதலாளியிடம் போனது நான்தான். பாய் போனால் முதலாளி மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார். சண்டை போட என்னால்தான் முடியும்.

"மூட்டையோட வண்டியை ஷெட்டுக்கு அனுப்புங்க முதலாளி. கனத்தோட நூல் பிடிக்கணும்."

"பட்டு உங்க ஷெட்டுக்கா? வேற பேச்சு பேசு."

"அப்படின்னா அதே கனத்துக்கு மணல் மூட்டை வச்சுப் பார்க்கிறோம்."

"ஏம்பா, ஏகாம்பரம் உன் சிநேகிதன்தானே? நீங்க மணலை எங்கியாவது ஏத்தி எதையாவது காட்டுவீங்க. என் பட்டு வச்சு என் கண்ணால பார்த்தா நம்புவேன்."

"பட்டையும் அனுப்ப மாட்டேங்கறீங்க, பட்டு வச்சாத்தான் நம்புவேன்னும் சொல்றீங்க. சரி. பட்டு எங்ககிட்ட வர வேணாம். நாங்க பட்டுகிட்ட வரோம்" என்றேன்.

கடைத் தெரு சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். அங்கே நூல் பிடித்தால் பொய்தான் வரும். மட்டமான தரை வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் பாவு போடுகிற தெரு இருக்கிறதே, வெயில் ஏறும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்களே, அந்தத் தெரு மேடு பள்ளம் இல்லாமல் பலகை மாதிரி இருக்கும். அவர்கள் பாவைச் சுருட்டியதும் தெருவை எங்களுக்கு விடச் சொல்லிக் கேட்டு வைத்தேன்.

காலையில் வண்டியை அங்கே நிறுத்தி நூலைக் கட்டினோம். முதலாளியும் பட்டு மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். பாவு சுருட்டி முடித்த ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை. கன்னியம்மா என்று வாயாடி ஒரு அம்மாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாபா, மோட்டாருக்கே பாவு போடறீங்களா? எத்தினி முழம் நெய்யப் போறீங்க?" என்றாள். தெருவே சிரித்தது. "உனக்குத்தாம்மா, ரவிக்கைக்கு" என்றான் ஏகாம்பரம். அன்றைக்கு அவனுக்கு வேலை போகுமோ இருக்குமோ என்ற நாள். அப்போதும் வாய் சும்மா இல்லை.

பாய் எல்லாவற்றையும் முறைப்படியே செய்தார். காற்று, ஆட்டம், முன்னாலே தள்ளித் தானாக நிற்க விட்டது. பிறகு ஏகாம்பரத்தை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். "கை ரெண்டையும் மடியில வச்சுக்கோ. ஸ்டியரிங்கைத் தொட்டே, நான் உன்னைத் தொடுவேன்."

காலி வண்டி. இடது சக்கரத்தின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நூலுக்கு இடையே ஒரே அளவு இடம். முதலாளியையே குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "இதைத்தானே நானும் சொல்றேன். வண்டி சரியாத்தான் இருக்குது."

"இப்போ நீங்களே மூட்டையை வைங்க முதலாளி. நாங்க யாரும் தொட மாட்டோம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மூட்டைகளைத் தூக்கி வைத்தார், வழக்கமாக வைக்கும் இடத்தில், வழக்கமாக வைக்கும் மாதிரி. ஒவ்வொன்றாக ஏற ஏற வண்டியின் இடது பக்கம் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. வண்டியைச் சற்று முன்னே உருட்டி நிற்க விட்டோம்.

"இப்போ பாருங்க."

குனிந்தவர் நிமிரவில்லை. சக்கரத்தின் முன் விளிம்பு நூலை நெருங்கியிருந்தது, பின் விளிம்பு விலகியிருந்தது. சக்கரம் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் வெள்ளைக்காரன் காலத்திலேயே சோர்ந்துபோனது. கனம் ஏறினால் அது இறங்கும். அது இறங்கினால் டை ராடு சக்கரத்தைத் தள்ளி வெளியே பார்க்க வைக்கும்.

முதலாளி நிமிர்ந்து ஏகாம்பரத்தின் கையைப் பார்த்தார். இரண்டு கையும் மடியில், கோயிலில் பிரசாதம் வாங்க உட்கார்ந்தவன் கை மாதிரி இருந்தன.

மூட்டைகளை அவரே இறக்கினார். சக்கரம் நேராகியது. மறுபடி ஏற்றினார். மறுபடி திரும்பியது. மூன்றாம் தடவை அவர் தூக்கப் போனபோது கன்னியம்மா, "போதுங்க முதலாளி, இடுப்பு புடிச்சுக்கப் போவுது. அது திரும்புதுன்னு எங்களுக்கே தெரிஞ்சு போச்சு" என்றாள்.

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். புது ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? லேத் பட்டறையில் உட்கார்ந்து, இடது ஸ்பிரிங்குக்கு அடியில் வைக்க ஒரு இரும்பு வளையம் நானே அளவு சொல்லிக் கடைந்து வாங்கினேன். அதை வைத்ததும் கனத்தோடும் தோள் இறங்காமல் நின்றது. பின்பக்க மூட்டைக்கு இடமும் மாற்றச் சொன்னேன்: ஏகாம்பரத்தின் சீட்டை ஒரு பல் முன்னே தள்ளி, அவன் முதுகுக்குப் பின்னாலும் பாதி. பிறகு மறுபடியும் அதே தெருவில், பட்டு வைத்து, ஏகாம்பரத்தை உட்கார வைத்து டை ராடைத் திருகினேன். காலியாக இருக்கும்போது சக்கரங்கள் லேசாக உள்ளே பார்க்கும், சுமை ஏறினால் நேராகும். இந்த இரண்டுக்கும் நடுவில் திருகலை எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. பாய் பக்கத்தில் நின்றார், ஆனால் ஸ்பேனரைக் கேட்கவில்லை. அதை நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

எல்லாம் முடிந்ததும் முதலாளி சொன்னார்: "நின்ன இடத்துல சரி. ஓடும்போது எப்படின்னு யாருக்குத் தெரியும்?"

வியாபாரி அப்படித்தான். ஏகாம்பரம் சாவியை எடுக்கவில்லை. "நீங்களே வாங்க முதலாளி. மூட்டையை மடியில வச்சுக்கினு பக்கத்துல உட்காருங்க. அப்போதான் கனமும் சரியா இருக்கும், சந்தேகமும் போகும்" என்றான். இடது சீட்டில் ஒரு மூட்டையை மட்டும் இறக்கிவிட்டு அந்த இடத்தில் முதலாளி உட்கார்ந்து, மற்றதை மடியில் வாங்கிக்கொண்டார். பட்டுக்கு மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது. வண்டி போய்விட்டது. எனக்கு அன்றைக்கும் இடம் இல்லை.

நடந்ததை முதலாளியே பிறகு எங்கள் ஷெட்டுக்கு வந்து சொன்னார். அப்புறம் ஊரெல்லாம் சொன்னார்.

வாலாஜாபாத் ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே நேராக ஒரு நீட்டு வரும். அங்கே ஏகாம்பரம் வேகத்தை ஏற்றினான். ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். முதலாளிக்கு மூட்டையைப் பிடிப்பதா, கதவைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

"டேய்! கையை வைடா! கையை வைடா ஸ்டியரிங்கில!"

"வேணாம் முதலாளி. என் கைதானே சரியில்லன்னீங்க" என்றானாம் ஏகாம்பரம், ரோட்டைப் பார்த்தபடியே.

எதிரே ஒரு மாட்டு வண்டி தெரியும் வரைக்கும் கையை வைக்கவே இல்லையாம். வண்டி மரத்தின் பக்கமும் போகவில்லை, மறுபக்கமும் போகவில்லை. "அந்த நேரத்துல நான் எல்லா சாமியையும் கூப்பிட்டேன். சென்னை டிரைவருக்கு வர வேணாம்னு சொல்லி அனுப்பறேன்னு அங்கேயே சத்தியமும் பண்ணிட்டேன்" என்று முதலாளி சொன்னபோது பாய் மறுபடி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். இந்தத் தடவை உஷாராகத் தள்ளி நின்று துப்பினார்.

ஏகாம்பரம் அந்த வண்டி விற்றுப்போகும் வரைக்கும் அதை ஓட்டினான். பிறகு முதலாளி வாங்கிய பெரிய காரையும் அவனே ஓட்டினான். கை எடுத்த கதையைக் கல்யாண வீட்டிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிக்கொண்டே திரிந்தான். கடைசியில் கேட்டபோது வாலாஜாபாத் வரைக்குமே கை வைக்கவில்லை என்றான். தைரியக்காரன் என்று ஊர் மெச்சியது. மெச்சட்டும்.

பிள்ளைகளே, மலரில் இதைப் போடும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் போடுங்கள். அவன் கையை எடுத்த பிறகு அந்த வண்டியை நேராகக் கொண்டுபோனது என் கை.